ஆறு துண்டுள்ள ஒரு வார்த்தை

என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. அதுவும் இங்கிலீஷ் வார்த்தை. ரீஹாபிலிடேஷன். பசித்தாலும் அதுதான், முதுகு அரித்தாலும் அதுதான், காயப்போட்ட சாமையைக் கோழி கிளறினாலும் அதுதான். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த எங்கள் வளப்பூர் நாட்டில் ஒரு மரவள்ளிக் காட்டுக்காரர் வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்து குடியிருப்பது பலருக்குச் சிரிப்பாக இருக்கிறது. கூடவே இருப்பவளுக்கு அது சிரிப்பு இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயின. கொண்டை ஊசி வளைவு எழுபதையும் இறங்கி, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது. உயிருக்குப் பயமில்லை என்று சொன்னார்கள். பேச்சைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுவரை பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை பக்கத்தில் இருப்பவரைத் தூங்கவிடாத மனிதர். அவர் வாய் திறந்து மூடுவதும், காற்று மட்டும் வருவதும் எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அவருடைய கட்டிலுக்கு எதிரே ஒரு கதவு. கதவுக்கு மேலே நீலப் பலகையில் அந்த வார்த்தை எழுதியிருந்தது. அந்த அறையில்தான் கையையும் காலையும் பிடித்து ஆட்டிப் பழக்குவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நர்சுகள் 'ரீஹாபிலிடேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க, ரீஹாபிலிடேஷன்ல கேட்டாங்க' என்று சொல்லிக்கொண்டே போவார்கள். மூன்றாவது வாரம் ஒரு மதியம், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது அவர் அந்தப் பலகையைப் பார்த்தபடி ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் சொன்னார், "ரீஹாபிலிடேஷன்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுதேன். வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதல் வார்த்தை வந்துவிட்டது, அடுத்து என் பேர் வரும், மகள் பேர் வரும் என்று நினைத்தேன். வரவே இல்லை. ஒரு வாரம் கழித்துப் பேச்சுப் பயிற்சி தரும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"சில பேருக்கு இப்படி ஆகும்க்கா. ஒரு வார்த்தை மாட்டிக்கிட்டு நிக்கும். அவர் உள்ளுக்குள்ள சோறு வேணும்னுதான் நினைப்பாரு. வெளிய வர்றது இதுவா இருக்கும். வார்த்தையப் பாக்காதீங்க. எந்த இடத்துல அழுத்தறாரு, எங்க இழுக்கறாருன்னு கவனிங்க."

அவளுக்குச் சொல்வது சுலபம். கவனிக்க வேண்டியவள் நான்.

நான் ஊர்ப்புற நூலகர். ஒரே அறை, ஐந்து இரும்பு அலமாரி, மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. வருகிறவர்கள் பேப்பர் பார்க்கவும், வேலைக்கு விண்ணப்பம் நிரப்பவும் வருவார்கள். ஊர் திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், யாரும் தொடாமல் கிடந்த பெரிய இங்கிலீஷ் அகராதியை எடுத்துத் தூசி தட்டி அந்த வார்த்தையைத் தேடினேன். அதை அவர்கள் புள்ளி வைத்து ஆறாக வெட்டி வைத்திருந்தார்கள். ரீ, ஹா, பி, லி, டே, ஷன். ஐந்தாவது துண்டுக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு. அந்த இடத்தில்தான் அழுத்த வேண்டுமாம். மற்ற ஐந்தும் அதற்கு வழிவிட்டு மெல்லப் போக வேண்டுமாம்.

பொருள் வேறு தனியாகப் பிரித்திருந்தது. முன்னால் ஒட்டியிருக்கும் 'ரீ' என்றால் மறுபடி. நடுவில் இருப்பது ஏதோ பழைய பாஷையில் திறமை, தகுதி. கடைசியில் வருவது ஒரு செயலைப் பெயராக்கும் வால். மறுபடி தகுதியாக்குவது. எனக்கு எரிச்சலாக வந்தது. வேட்டி கட்டக்கூட இன்னொரு ஆள் வேண்டும் என்று கிடக்கிறவர் நாளைக்கு நூறு தடவை மறுபடி தகுதியாகிறேன், மறுபடி தகுதியாகிறேன் என்று சொன்னால் கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும்? அகராதியை மூடி வைத்துவிட்டுப் பேப்பர்களை அடுக்கப் போனேன்.

ஆனால் அந்தச் சின்னக் கோடு மனதில் நின்றுவிட்டது. வீட்டில் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு மாதம் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் காலை ஆறிப்போன காப்பியை அவர் பக்கம் நகர்த்தினேன். டம்ளரை இடது கையால் தள்ளிவிட்டு, "ரீ-ஹாபிலிடேஷன்!" என்றார். முதல் துண்டை ஓங்கிச் சொன்னார். மற்ற ஐந்தும் அதன் பின்னால் உருண்டு விழுந்தன. அன்றைக்கு மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து மிளகாய்ச் சட்னியோடு வைத்தேன். அவருக்கு உயிர் அது. ஒரு வாய் போட்டுக்கொண்டு, "ரீஹாபிலி-டே-ஷன்," என்றார். அகராதியில் கோடு போட்ட இடத்திலேயே அழுத்தினார்.

அதற்குப் பிறகு வேண்டுமென்றே சோதித்தேன். கசப்பு மாத்திரையை நீட்டி, "ஏனுங்க, இது வேணுங்களா?" என்பேன். ரீயில் அழுத்துவார். "வெளிய உக்காரலாமுங்களா?" என்பேன். டேயில் அழுத்துவார். கடைசித் துண்டைப் பிடித்து இழுத்தால் என்னைக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். 'ஷ...ன்' என்று அது அடுப்படிவரை வரும். ஆக அவரிடம் 'வேண்டாம்' இருந்தது, 'சரி' இருந்தது, 'இங்கே வா' இருந்தது. ஒரு குடும்பம் நடத்த இது போதும். பல வீடுகளில் இவ்வளவுகூடப் பேசிக்கொள்வதில்லை.

இதை நான் சொன்னால் யாரும் நம்பவில்லை. "உனக்குத்தான் அம்முணி அப்படித் தோணுது. எல்லாம் ஒரே மாதிரித்தான் கேக்குது," என்றார் என் அண்ணன். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நம் பேச்சில் ஒரு வார்த்தைக்குள் ஒரு துண்டை மட்டும் இப்படி அழுத்தி அர்த்தத்தை மாற்றுகிற பழக்கம் இல்லை. என் மகளுக்குக்கூடப் பாதிதான் பிடிபட்டது. சாயங்காலம் செம்மேட்டு ஜெராக்ஸ் கடை வேலையிலிருந்து வந்ததும் அப்பாவின் பக்கத்தில் உட்காருவாள். அவர் எதையாவது சொன்னால் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள். "அப்பா என்னம்மா சொல்றாரு?" நான் மொழிபெயர்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரரும் என்னிடம்தான் கேட்பார். மருந்துக்கடைக்காரரும் அப்படித்தான். இருபத்துநாலு மணி நேரமும் இன்னொருவரின் வாயாக இருப்பது எப்படிப்பட்ட வேலை என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஊரில் என்னைத் தெய்வம் என்றார்கள். தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது போலிருக்கிறது. எனக்கு வலித்தது, சலித்தது, சில நாள் வெறுப்பாகவும் வந்தது.

மகளுக்கு இருபத்துநாலு வயது. அவள் அப்பா விழுந்தபிறகு இரண்டு வரன் வந்து போயிற்று. இரண்டு பேருமே வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள், அந்த வார்த்தையைக் கேட்டார்கள், டீ குடித்தார்கள், அப்புறம் ஜாதகம் சரியில்லை என்று போன் பண்ணினார்கள். பரம்பரையாக வருமோ என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டாராம். மூன்றாவதாக வந்தவர்கள் அதே மலையில் திருப்புலி நாட்டுக்காரர்கள். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் அம்மா நல்ல மாதிரி. எங்கள் பலாச்சுளையை ருசித்துத் தின்றுவிட்டு, "உடம்புன்னா யாருக்கும் வர்றதுதானுங்களே," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே நான் கரைந்துபோனேன்.

பையன் கலகலப்பானவன். என் வீட்டுக்காரர் எதற்கோ அந்த வார்த்தையைச் சொன்னதும் அவனுக்கு ஒரே ஆச்சரியம். பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

"மாமா, இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

"சூப்பர் மாமா. இன்னும் ஒரே ஒருக்கா."

மறுபடியும் சொன்னார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்றாவது தடவை அவன் கேட்டபோது அவர் சொல்லவில்லை. கீழே குனிந்து தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பையன் எடுத்த வீடியோவைச் சுற்றிலும் இருந்த எல்லோருக்கும் காட்டினான். வயசுப் பையன், விளையாட்டுக்குச் செய்கிறான், மனசில் ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அப்படிச் சொல்லிக்கொள்வதுதான் வசதியாக இருந்தது.

மகளிடம் கேட்டேன். "உன் இஷ்டம்மா," என்றாள். பரிசம் போட நாள் குறித்தோம்.

எங்கள் ஊரில் பரிசம் போடும்போது ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்கவுண்டர் முன்னால், பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு 'குடுத்தேன்' என்று மூன்று தடவை வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் தட்டு கைமாறும். அப்பா செத்துப்போயிருந்தால் தாய்மாமன் சொல்லலாம். அப்பா உயிரோடு இருக்கும்போது வேறு யார் சொன்னாலும் அவரைச் செத்தவர் கணக்கில் சேர்த்ததாகும். என் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான், "அதுக்கென்ன, நான் சொல்லிப்போடறேன்," என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"அவரு உசுரோடதானுங்கண்ணா உக்காந்திருக்காரு!" என்று கத்திவிட்டேன். அண்ணன் எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலமே பயிற்சியை ஆரம்பித்தேன். சேலத்தில் அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் சொல்லிக்கொடுத்த முறைதான். வார்த்தையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு. கு. டுத். தேன். மூன்றே துண்டு. ஆறு துண்டுள்ள வார்த்தையைச் சொல்கிற வாய்க்கு மூன்று துண்டு பெரிய விஷயமா? நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்து தினமும் அவர் எதிரில் உட்காருவேன். நான் தட்டுவேன், அவர் என் உதட்டையே பார்ப்பார், நெற்றியில் வியர்க்கும், வாய் கோணும், கடைசியில் "ரீ, ஹா, பி," என்று தன் வார்த்தையிலிருந்தே மூன்று துண்டை எடுத்து நீட்டுவார். இருப்பதைத்தானே கொடுக்க முடியும்.

ஒரே ஒரு நாள் 'கு' வந்தது. இரண்டு பேரும் அப்படியே நிறுத்தினோம். அவர் அழுதார். அதற்கப்புறம் எத்தனை நாள் தட்டியும் அது திரும்பி வரவில்லை. ஒரு மாதம் ஆனபோது ஒரு சாயங்காலம் கரண்டியை வீசி எறிந்தேன். "ஒரு வார்த்தைங்க! பெத்த புள்ளைக்காக ஒரே ஒரு வார்த்தை!" என்று கத்தினேன். அவர் ஷன்னை இழுத்து என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி வெகுநேரம் யோசித்தார்.

"வாய் அவரு வாய்தானேம்மா. அதுல என்ன வருதோ அது வரட்டும். மூணு தடவ சொன்னாச் சரி. மனசு குடுத்தாப் போதும், வார்த்த எதுவா இருந்தா என்ன?"

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. வீட்டுக்கு ஓடி வந்து, "ஏனுங்க, உங்க வார்த்தையே போதுமாமுங்க," என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ எதிர்பார்ப்பதுபோல் இருந்தது. இப்போது யோசித்தால் அது என்னவென்று தெரிகிறது. காப்பி வேணுங்களா, வெளியே உட்காரலாமுங்களா என்று நாளைக்கு ஐம்பது கேள்வி கேட்கிறவள், இந்தச் சம்பந்தம் உங்களுக்குச் சம்மதமுங்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவரை எப்படிச் சொல்ல வைப்பது என்பதிலேயே ஒரு மாதத்தைத் தொலைத்தேன். அவர் என்ன சொல்ல விரும்புவார் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

பரிசத்தன்று பலா மரத்தடியில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். என் வீட்டுக்காரருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, நாற்காலியில் உட்காரவைத்தேன். தட்டை இடது கையில் பிடித்துக்கொண்டார். வலது பக்கம் நான் தாங்கிக்கொண்டேன். மகள் பச்சைப் பட்டில் எதிரே நின்றாள். ஊர்க்கவுண்டர் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, "சொல்லப்பா," என்றார்.

"ரீ-ஹாபிலிடேஷன்."

அழுத்தம் ரீயில் விழுந்தது. எனக்குத்தான் தப்பாகக் கேட்டது என்று நினைத்தேன்.

இரண்டாவது தடவை என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நிதானமாக, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே சொன்னார். "ரீ-ஹாபிலிடேஷன்."

மூன்றாவது தடவை கழுத்து நரம்பு புடைத்தது. ரீ தனியாகப் பிய்ந்து வந்து விழுந்தது. மற்ற ஐந்து துண்டும் சத்தமில்லாமல் போயின.

பந்தல் முழுக்கக் கைதட்டல். செல்போன்கள் உயர்ந்தன. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்படி அழுத்திச் சொல்றாரு பாருங்க. பெத்த மனசுங்க அது."

ஊர்க்கவுண்டர் மட்டும் தட்டை வாங்காமல் என்னைப் பார்த்தார். "ஏம்மா, அவரு பாஷை உனக்குத்தான் தெரியும். குடுத்தேங்கறாருதானே?"

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பின. அந்த ஒரு நொடியில் எனக்குள் என்னென்னவோ ஓடியது. போய்விட்ட இரண்டு வரன். அடுப்பில் வெந்துகொண்டிருந்த சோறு. வேண்டாம் என்கிறார் என்று நான் சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். தெரியாது என்பேன். அப்புறம் வேண்டாம் என்கிறார் என்று மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். முதல் துண்டில் அழுத்தினார் என்பேன். பைத்தியம் என்பார்கள். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் நாளைக்குக் காலையில் எழுந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே என்ற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, நான் யாருக்கும் பயப்படவில்லை. அலுத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

"ஆமாங்க," என்றேன். "குடுத்தேங்கறாருங்க."

தட்டு கைமாறியது. அவர் இழுத்துப் பிடிக்கவில்லை. விரல்களை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கோபம் எனக்குப் பழக்கம். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஏதோ தெரியாத பொம்பளை பக்கத்தில் நிற்கிற மாதிரி பார்த்தார்.

கல்யாணம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. மகள் திருப்பூரில் இருக்கிறாள். போனில் கேட்டால், "நல்லாத்தாம்மா இருக்கேன்," என்கிறாள். அது உண்மையாகவும் இருக்கலாம். அவர் எதற்காக வேண்டாம் என்றார் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. அந்தப் போன் விளையாட்டா, மகளைப் பிரிய மனசில்லாமலா, வேறு எதையாவது பார்த்தாரா? கேட்டால் தெரியும். கேட்க முடியாது. பரிசத்தன்றிலிருந்து அவர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிறார், தபால்காரரிடம் சொல்கிறார், டிவியைப் பார்த்துக்கூடச் சொல்கிறார். நான் தண்ணீரை நீட்டி வேணுங்களா என்றால் டம்ளரைப் பார்க்கிறார். வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். "அப்பாட்ட குடும்மா," என்றாள். ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். அவள் ஊர்க்கதை எல்லாம் பேசினாள். அவர் குனிந்து, போனுக்கு மிகப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், மெதுவாகச் சொன்னார். "ரீஹாபிலி-டே-ஷன்." ஆறு துண்டும் முழுசாக, அழுத்தம் அதன் இடத்தில். அந்த டே என் காதுக்கு எவ்வளவு நாளைக்கு அப்புறம் கேட்கிறது.

போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், "நல்லா இருன்னு சொல்றாரு கண்ணு," என்றேன்.



"தெரியும்மா," என்றாள். "அன்னிக்குப் பந்தல்ல அப்பா வேண்டாம்னு சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு. நீ எடுத்துச் சொல்லுவேன்னுதான் உன்னையே பாத்துட்டு நின்னேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. அப்புறம், "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டேன்.